மலைக்குளிரில் தொற்றுநோய்ப் பணி: புதிதாக போஸ்டிங் வரும் செவிலியருக்கு

சமுதாய நலச் செவிலியப் பாடத்தில் தொற்றுநோய்ப் பகுதி சமவெளியை மனத்தில் வைத்து எழுதியது. சன்னலைத் திற, தண்ணீரைக் காய்ச்சு, துணியைத் துவைத்து வெயிலில் போடு, தடுப்பூசியைச் சூட்டிலிருந்து காப்பாற்று. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறவர் இதை அப்படியே ஒப்பித்தால் லயன் வீட்டுப் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) பெண்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டிசம்பரில் யார் சன்னலைத் திறப்பார்கள்? துவைத்த கம்பளி எப்போது காயும்? அவர்கள் கேட்பது நியாயம். நோய்க்கிருமி அதேதான், மாத்திரையும் அதேதான்; ஆனால் குளிர் ஒவ்வொரு படியிலும் கணக்கை மாற்றிவிடுகிறது. அந்த மாற்றங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசநோயிலிருந்து தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை என்பது எல்லோருக்கும் தெரியும். மலையில் இடைஞ்சல், இருமலை யாரும் இருமலாகவே எண்ணுவதில்லை என்பது. விறகு அடுப்புப் புகை, பனிக்காலம், பீடி என்று ஆளுக்கொரு காரணம் தயாராக இருக்கும். ‘இருமல் இருக்கா?’ என்று கேட்டால் ‘அது எப்பவும் இருக்கறதுதான் சிஸ்டர்’ என்று பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். போன மாதத்தை விட இருமல் மாறியிருக்கிறதா, சாயங்காலம் மேல் சுடுகிறதா, இந்தக் குளிரிலும் ராத்திரி வியர்த்துப் போர்வை நனைகிறதா, பழைய ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதா? கடைசிக் கேள்விக்குப் பெண்கள் உடனே பதில் சொல்வார்கள். எடை குறைந்ததா என்று கேட்டால் தெரியாது என்பார்கள்.

சளி இரண்டு மாதிரி: ஒன்று பார்த்த இடத்திலேயே, இன்னொன்று மறுநாள் காலை எழுந்ததும். அந்தக் காலை மாதிரிதான் இங்கே கெட்டுப்போகிறது. ஆறு மணிக் குளிரில் யாரும் வாசலுக்கு வந்து இருமுவதில்லை; அடுப்படியில் உட்கார்ந்தபடி எச்சிலைத் துப்பிக் குப்பியை மூடிவிடுவார்கள். நுரையாக, தண்ணீராக, தெளிவாக இருந்தால் அது எச்சில். கெட்டியாக, மஞ்சளாகவோ வெண்மையாகவோ, 2 முதல் 5 மில்லி இருக்க வேண்டும். முதல் நாளே செய்து காட்டிவிடுவது நல்லது: வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து அடக்கி, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, குப்பியை உதட்டருகில் பிடித்துத் துப்ப வேண்டும். இடம் திறந்த வெளி. குளிர் தாங்காவிட்டால் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் நிற்கட்டும், வீட்டுக்குள் வேண்டாம். உங்கள் நிலையத்து அறைக்குள்ளும் வேண்டாம். பெயரைக் குப்பியின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடிகள் மாறும்போது ஆளும் மாறிவிடுவார். அன்றே அனுப்ப வண்டி இல்லையென்றால் 2 முதல் 8 டிகிரியில் வைக்கலாம். ஐஸ் மேலேயே வைத்து உறைய விடக்கூடாது.

நோய் உறுதியானதும் எடை பார்ப்போம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது, யாரும் கவனிப்பதும் இல்லை. ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொன்று, சால்வை, கம்பளிக் குல்லாய், சில நேரம் ரப்பர் பூட்ஸ். எல்லாம் சேர்ந்தால் 2 கிலோ. கூட்டு மாத்திரை எடைப்படிதான் தரப்படுகிறது: 25 முதல் 34 கிலோவுக்கு 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5. முப்பத்து மூன்று கிலோ ஆளை உடுப்போடு நிறுத்தி 35 என்று எழுதினால் அவருக்கு ஒரு மாத்திரை கூடிவிடும். அதைவிடக் கேடு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளி மிக மெலிந்திருக்கிறாரா, மூச்சுத் திணறுகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து ஆபத்தானவர்களைப் பிரித்து மருத்துவமனையில் சேர்க்கிறோம். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் மிக மெலிவு. இரண்டு காலும் வீங்கியிருந்தால் 16 வரை அதே கணக்கு. 150 சென்டிமீட்டர் உயரப் பெண்ணுக்கு 31.5 கிலோ என்றால் குறியீடு சரியாக 14, சேர்க்கப்பட வேண்டியவர். அவரையே ஸ்வெட்டரோடு நிறுத்தினால் 33.5 கிலோ, குறியீடு 14.9 ஆகி, வீட்டுக்கு அனுப்பப்படுவார். காசநோயில் இறப்புகள் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் விழுகின்றன. ஆகவே கதவைச் சாத்தி, மேலுடுப்பைக் கழற்றச் சொல்லி எடை பாருங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அவர் போட்டிருக்கும் அதே மாதிரி உடுப்பைத் தனியாக நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம்.

மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், ஆக்சிஜன் 94க்குக் கீழ் என்பவையும் அந்த ஆபத்துக் குறிகளில் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலில் பொய் சொல்லும். எண்ணே வராமல் போகும், அல்லது குறைத்துக் காட்டும். கையை வெந்நீர்க் குவளையில் வைத்தோ தேய்த்தோ சூடாக்கி, மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை அரை நிமிடமாவது பாருங்கள். இன்னொன்று: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே நல்ல உடம்புக்காரருக்கே சமவெளியை விட இரண்டு மூன்று எண் குறைவாகக் காட்டும். 95, 96 பார்த்து அலற வேண்டாம். அதற்காக 92ஐயும் ‘மலைதானே’ என்று விட்டுவிடக் கூடாது. மூச்சு எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்து அனுப்பிவிடுங்கள்.

இனி சன்னல். பழைய எஸ்டேட் லயன்களில் முன்பக்கம் ஒரு கதவு, ஒரு சன்னல், பின்சுவர் அடுத்த வரிசையோடு ஒட்டியிருக்கும். ராத்திரி சன்னலைத் திறந்துவைக்கச் சொல்வது வீண் பேச்சு. இரண்டு வேலை நடைமுறைக்கு வரும். ஒன்று, வெயில் ஏறும் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை கதவு, சன்னல் இரண்டையும் விரியத் திறந்துவைப்பது; நோயாளி அந்த நேரத்தில் வாசல் வெயிலில் உட்காருவது. இரண்டாவது, தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் செருகியிருக்கும் சாக்கு, செய்தித்தாள், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரு பக்கமாவது எடுத்துவிடச் சொல்வது. சூடான காற்றும் புகையும் மேலேறி அந்த வழியாக வெளியேறும், படுத்திருப்பவர் மேல் வாடை அடிக்காது. இதற்கு வீட்டார் சம்மதிப்பார்கள், அடுப்புப் புகையும் குறைகிறதே. படுக்கை சன்னல் பக்கம், குழந்தைகள் வேறு போர்வையில், முடிந்தால் வேறு அறையில். சரியான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு வாரத்திலேயே பரப்பும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதைச் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதமும் ஆளை ஒதுக்கிவைத்துவிடுவார்கள். அப்படியே கரி நெருப்புச் சட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துத் தூங்கினால் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். அது காசநோய்க்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்தவர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் வரக்கூடாது.

மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பார்வை மங்குவது ஆகிய மூன்றும் வேறு. மாத்திரையை நிறுத்திவைத்து அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பாதம் எரிந்தால் பி6 மாத்திரை சேர்ப்பார்கள். ஊட்டச்சத்துப் பணம் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு இல்லாத பளியர், குறும்பர் வீடுகளில் முதல் வாரமே அந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாக ஐந்து வயதுக்குள் உள்ளவர்களை, நோய் இல்லை என்று உறுதிசெய்தபின் தடுப்பு மாத்திரைக்கு எழுத வேண்டும். இந்த ஒன்றுதான் அதிகம் விட்டுப்போகிறது.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். புதர், தேயிலை ஓரம், கேரட் தோட்ட வரப்பு, விறகு பொறுக்கும் காட்டோரம் எல்லாம் இதன் இடம். கடிப்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் (மைட்) குஞ்சு, கடித்ததே தெரியாது. 6 முதல் 21 நாள் கழித்துக் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி. தமிழ்நாட்டில் மழை முடியும் மாதங்களிலிருந்து பனிக்காலம் வரை கூடுதல். ஆளுக்கு ஆள் தொற்றாது, தனிமைப்படுத்த வேண்டியதில்லை.

நோயைக் கையும் களவுமாகப் பிடித்துத் தருவது கருப்புப் பொருக்கு. சிகரெட் நெருப்பால் சுட்ட மாதிரி, அரை முதல் ஒரு சென்டிமீட்டர், நடுவில் கருப்பு, சுற்றிலும் சிவப்பு விளிம்பு, வலிக்காது, அரிக்காது. வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது, கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்பார். நீங்கள்தான் தேட வேண்டும். மலையில் மூன்று அடுக்கு உடுப்புக்குள் தேட வேண்டும் என்பதால்தான் பலரும் தேடாமலே விடுகிறார்கள். அறையைச் சூடாக்கி, கதவைச் சாத்தி, டார்ச் அடித்து ஒரே ஒழுங்கில் பாருங்கள்: காதுக்குப் பின்னால், முடியோரம், கழுத்து, அக்குள், மார்புக்கு அடியில், தொப்புள், பாவாடை நாடாவும் அரைஞாண் கயிறும் இறுகும் இடம், தொடையிடுக்கு, பிட்டத்து மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால். ஆண்பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்பையும் பார்க்க வேண்டும். ஈரமான மடிப்புகளில் கருப்பு நிற்காது. பொருக்கு உதிர்ந்து வெளிறிய மஞ்சளாய்ச் சின்னப் புண் மட்டும் இருக்கும். அதைச் சேற்றுப்புண் என்று தள்ளிவிடாதீர்கள். அட்டை கடித்த தழும்போடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அட்டைக்கடி பெரும்பாலும் காலில்தான், அரிக்கும், ரத்தம் வந்தது ஆளுக்கு நினைவிருக்கும். பொருக்குப் பக்கத்து நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பலருக்கு அது வருவதே இல்லை.

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், வேறு காரணம் தெரியவில்லை என்றால் ரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்டர் டாக்ஸிசைக்ளின் தொடங்குவார்: பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது சிக்கல் தொடங்கியிருக்கலாம். செவிலியர் கவனிக்க வேண்டியது மாத்திரை விழுங்கும் விதம். குளிர் ஊரில் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடிப்பதில்லை. ஒரு வாய் டீயில் விழுங்கிப் போர்வைக்குள் போய்விடுவார்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, நெஞ்சு எரிகிறது என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், உட்கார்ந்தபடி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது. பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துத் தரக்கூடாது. நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரண்டாம் வாரத்தில் மூச்சு வாங்குவது, உளறுவது, சிறுநீர் குறைவது எது வந்தாலும் அன்றே கீழே அனுப்ப வேண்டியவர்.

காய்ச்சல் பார்ப்பதிலும் ஒரு சின்ன விஷயம். குளிரில் நடந்து வந்தவரின் அக்குளில் உடனே தெர்மாமீட்டர் வைத்தால் குறைத்துக் காட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே உட்காரவைத்து, பிறகு வையுங்கள். குழந்தைகளுக்கு நிமோனியா பார்க்கும்போது போர்வையை விலக்காமல் மூச்சை எண்ண முடியாது. நெஞ்சும் வயிறும் தெரிய, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும்: இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் நிமோனியாவாக எடுத்துக்கொள்ளுங்கள். விலா உள்ளே இழுப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, ஆகவே சுத்தம் என்ற நம்பிக்கை இரண்டு மலைகளிலும் உண்டு. ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். காய்கறித் தோட்டத்து எருவும் கழிப்பறைக் குழியும் மேலே இருந்தால் மழைக்குப் பின் பேதியும் டைபாய்டும் கீழே இறங்கும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே தளதளவென்று கொதி வந்தபின் 3 நிமிடம் விட வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் உயரத்தில் 1 நிமிடம் போதும். இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள் என்று சொல்லி விறகை வீணாக்கவைத்தால் நாலாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம். பவுடர் நல்லதாக இருந்தால் அதுதான் கணக்கு. மலை ஈரத்தில் திறந்த மூட்டை சீக்கிரமே குளோரினை இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால் அது உதவாது. காற்றுப் புகாத டப்பாவில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். அரை மணி என்று புத்தகம் சொன்னால் இங்கே ஒரு மணி நேரம் விடுங்கள், பிறகு குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறதா என்று கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள். தொட்டியடியில் பார்த்துப் பயனில்லை.

பேதி வந்த குழந்தைக்குக் குளிரில் தாகம் எடுக்காது, ஓஆர்எஸ் உப்புக் கரைசலைத் தட்டிவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே முழுப் பாக்கெட்டையும் 1 லிட்டரில் கரைத்து, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போகும். கரைத்தபின் சூடுபண்ணக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்குள் 10 மில்லிகிராம், மேல் 20. கை சில்லிட்டிருப்பதை மட்டும் வைத்து நீரிழப்பை முடிவு செய்யாதீர்கள், இங்கே எல்லாக் குழந்தைக்கும் கை சில்லென்றுதான் இருக்கும். கண் குழி, வயிற்றுத் தோல் கிள்ளல், சிறுநீர் இவற்றைப் பாருங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் சமவெளிப் பழக்கம் நேரெதிராகக் கெடுக்கும். அங்கே பயம் சூடு. இங்கே பயம் உறைதல். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டிபிடி, டிடி, ஐபிவி எல்லாம் உறைந்தால் வீண். ஹெபடைடிஸ் பி மைனஸ் அரை டிகிரியிலேயே உறைந்துவிடும். உறைபனி மாதங்களில் தடுப்பூசி எடுத்துப் போகும் பெட்டியான கேரியரை ராத்திரி ஜீப்பிலோ தாழ்வாரத்திலோ விட்டுவைக்கக் கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்காதீர்கள். மேலே வியர்த்து, காதருகில் ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைக்க வேண்டும். பத்து டிகிரி அறையில் அதற்குச் சமவெளியை விட நெடுநேரம் பிடிக்கும், முகாம் நாளில் அதற்கேற்ப முன்கூட்டியே எழுந்திருங்கள். சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை: அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டு, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். சந்தேகக் குப்பியிலும் வண்டல் அதே வேகத்தில் அடியில் இறங்கினால் எறிந்துவிடலாம். குப்பி மேல் உள்ள வெப்பக் குறி உறைந்ததைக் காட்டாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1907 முதல் தடுப்பூசிப் பெயர் வாங்கிய பாஸ்டர் நிலையம் குன்னூரில் இருக்க, இந்த மலையிலேயே ஊசி உறைந்து வீணாவது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

சொறி சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5 சதக் களிம்பு: கழுத்திலிருந்து பாதம் வரை, நக இடுக்கு உட்பட, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே ராத்திரியில், 8 மணி நேரத்துக்குக் குறையாமல், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கம்பளியைத் துவைக்க முடியாது, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவைக்கலாம். மூன்று நாள் போதும் என்று சொல்வார்கள். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் பூச்சி கூடுதல் நாள் உயிரோடிருக்கும், பத்து நாள் கட்டிவையுங்கள். அரிப்பு இரண்டு மூன்று வாரம் நீடிக்கும், அது நோய் மிச்சமில்லை.

நாய்க்கடிக்குச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ஐஸ் தண்ணீரில் யாரும் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரைச் செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். கொடைக்கானல் குரங்குக்கடிக்கும் பிராண்டலுக்கும் இதே கழுவல், இதே வெறிநோய்த் தடுப்பூசி: 0, 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் வேண்டும். முதுமலைப் பக்கம் செத்த குரங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் சொல்லச் சொல்லுங்கள். குரங்குக் காய்ச்சல் பரப்பும் உண்ணிகள் அந்த உடம்பிலிருந்து இறங்கி அடுத்த ஆளைத் தேடும்.

வீடு போகும் வரிசைக்கு விதி ஒன்று உண்டு: பிறந்த குழந்தை முதலில், பிறகு கர்ப்பிணி, கடைசியில் தொற்றுநோய் வீடு. மலைப் பாதை இந்த விதிக்குக் கட்டுப்படாது. காசநோய் வீடு அடிவாரத்திலும் பச்சைக் குழந்தை உச்சியிலும் இருக்கும். இரண்டு முறை ஏற முடியாது என்றால் கீழ் வீட்டைத் தாண்டி நேரே மேலே போய், இறங்கும்போது அதைப் பாருங்கள். கை கழுவ வெந்நீர் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கீழே அனுப்பும் சீட்டில் ‘காய்ச்சல், அனுப்பப்படுகிறது’ என்று மட்டும் எழுதினால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நோயாளிக்கு இன்னொரு நாள் கூலி போகும். காய்ச்சல் தொடங்கிய தேதி, பொருக்கு இருக்கும் இடம், மூச்சு எண்ணிக்கை, சூடாக்கிய விரலில் எடுத்த ஆக்சிஜன், உடுப்பில்லா எடை, கொடுத்த மாத்திரையும் நேரமும், செல்போன் சிக்னல் கிடைக்கும் பக்கத்து வீட்டு எண் இவ்வளவும் சீட்டில் இருக்க வேண்டும். மழையில் நனைந்து மை கரையாமல் இருக்கப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, மருந்து வந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுங்கள்.